தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான்

எனக்குக் கிடைத்தது உட்கார்ந்து செய்கிற வேலை. உட்காரத்தான் என்னால் முடியாது. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாயில், கடைவரிசை ஒன்றில் இருந்தது கடை. கீழே கவுன்டர், பின்னால் கிடங்கு, மேல்மாடியில் நான். பம்புகளுக்கு உதிரிப் பாகங்கள் விற்கிற கடை அது. பாசிர் கூடாங் தொழிற்சாலைகள், கூலாய்ப் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலைகள், தண்ணீர்த் தொட்டி போடுகிறவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். நான் மேசைக்கும் சன்னலுக்கும் இடையே நடந்துகொண்டே யோசிப்பேன். கீழே இருப்பவர்களுக்கு மரப்பலகையில் என் காலடி கேட்கும்.

"மேல பூனை ஓடுது," என்பார் கவுன்டர் அங்கிள், வாடிக்கையாளர்களிடம். "படிச்ச பூனை."

படித்த பூனை என்பதில் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா செம்பனைக் குலை அறுத்தவர். அம்மா இன்றைக்கும் தொழிற்சாலைக் கேண்டீன் ஒன்றில் வேலை செய்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் தகவல் அறிவியல் படித்தேன். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். நேர்முகத் தேர்வில் முதலாளி என் சான்றிதழைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, "இது போதுமா பாஸ், இன்னும் இருக்கு," என்றேன். சிரித்துவிட்டார். தற்காலிக வேலைதான் கொடுத்தார். பொருள் பட்டியலை ஒழுங்குபடுத்தி இணையத்தில் ஏற்ற வேண்டும்; அது பிடித்திருந்தால் நிரந்தரம்.

பட்டியலைப் பார்த்த முதல் வாரமே எனக்குத் தலை சுற்றியது. எங்களுக்குப் பொருள் தருபவர்கள் மூன்று பேர். பம்பில் கசிவை அடைக்கிற, 'ஓ-ரிங்' என்ற ஒரே ரப்பர் வளையத்துக்கு மூவரும் மூன்று எண் வைத்திருந்தார்கள், மூன்று விதமாக விவரம் எழுதியிருந்தார்கள். ஒருவர் கொடுத்தது உள்விட்டம், இன்னொருவர் கொடுத்தது வெளிவிட்டம். கிடங்கில் ஒரே பொருள் மூன்று தட்டுகளில் மூன்று பொருளாக உட்கார்ந்திருந்தது. ஒரு தட்டு காலியானால் பக்கத்துத் தட்டில் அதே வளையம் இருப்பது தெரியாமல் புதிதாக வரவழைப்பார்கள்.

"இதுக்கு ஒரு வழி இருக்கு பாஸ்," என்று முதலாளியிடம் போய் நின்றேன். "செமான்டிக் வெப்."

"அது எந்த சப்ளையர்?"

சப்ளையர் இல்லை என்று விளக்கினேன். வலைப்பக்கத்தில் நாற்பது என்று இருந்தால், அது அளவா விலையா என்பது பார்க்கிற மனிதருக்குத் தெரியும். கணினிக்கு அது வெறும் நாற்பது. அந்த நாற்பதோடு, 'இது உள்விட்டம், மில்லிமீட்டரில்' என்று எல்லாக் கணினிகளும் ஒத்துக்கொண்ட சொற்களில் ஒரு குறிப்பு சேர்த்தால், தேடுகிற இயந்திரத்துக்கும் அது புரியும். பிறகு எல்லாவற்றையும் சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆக்க வேண்டும். இந்த வளையம் அந்த பம்பின் பாகம். அந்த பம்ப் இந்த ஆலையில் இருக்கிறது. இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒரே பொருள். இப்படி ஆயிரக்கணக்கில் கோத்துவிட்டால், யாரும் எழுதாத வாக்கியத்தையும் கணினியே கண்டுபிடித்துச் சொல்லும். 'இந்த ஆலைக்கு அந்த வளையம் பொருந்தும்' என்று.

முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்கள் பாதி நேரம் வாசலில் நின்ற லாரியில் இருந்தன.

"நல்லா இருக்கு லா. இது சேல்ஸ் கொண்டு வருமா?"

"வரும் பாஸ்."

"எப்போ?"

எனக்கு அது தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. "சீக்கிரம்," என்றேன்.

"சரி, சீனப் புது வருஷப் பெருநாள் வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒழுங்கா நடந்தா நீ கன்ஃபர்ம். இல்லைன்னா நான் ரெடிமேட் வெப்சைட் ஒண்ணு வாங்கிப் போட்டுர்றேன், நீ கீழ வந்து பில் அடி."

அன்று மாலை வீட்டில் அம்மாவிடம் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது போலவே சொல்லிவிட்டேன். அவர் அடுத்த நாளே கேண்டீன் முழுக்கச் சொல்லிவிட்டார். இனிமேல் அது நடந்தே ஆகவேண்டும்.

மூன்று பேரின் பட்டியலையும் இணைப்பது எனக்குச் சுலபமாகவே வந்தது. அளவு, தடிமன், ரப்பர் வகை மூன்றும் ஒத்துப்போனால் ஒரே பொருள். இது நிஜமாகவே வேலை செய்தது. கிடங்கில் மூன்று தட்டு ஒரு தட்டானது. இணையப் பக்கங்களில் குறிப்புகளைச் சேர்த்த சில வாரங்களில், பத்து பகாட் என்ற ஊரில் ஒரு சோப்புத் தொழிற்சாலையிலிருந்து அழைத்தார்கள். எங்கள் பெயரையே அதற்குமுன் கேள்விப்படாதவர்கள். வளையத்தின் அளவைத் தேடியிருக்கிறார்கள். அளவும் இருப்பும் எங்கள் பக்கத்திலிருந்து அப்படியே தேடல் முடிவுகளின் மேலே வந்திருக்கின்றன. முதலாளி அன்று எல்லோருக்கும் மதியச் சாப்பாடு தாப்பாவ் பொட்டலமாக வாங்கி வந்தார். எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு கோழித் துண்டு.

அந்தக் கோழித் துண்டோடு நான் நிறுத்தியிருக்கலாம். என்னால் ஒரு இடத்தில் நிற்க முடிவதில்லை.

எனக்கு அடுத்ததாகத் தேவைப்பட்டது மாற்றுப் பொருள். கேட்டது இல்லையென்றால் எதைக் கொடுக்கலாம்? கடையின் வியாபாரத்தில் பாதி இந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது. அதற்கு விடை எந்தப் பட்டியலிலும் இல்லை, கவுன்டர் அங்கிளிடம் இருந்தது. ஜொகூரில் கடைக்காரர்கள் எல்லோருக்கும் வாயில் தயாராக ஒரு மலாய்ச் சொல் இருக்கும்: போலே பாக்காய். போட்டு ஓட்டலாம் என்று பொருள். அசல் வரும்வரை இதைப் போட்டு ஓட்டு. நான் கணினியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அங்கிள், இந்த ஓ-ரிங் இல்லன்னா எத குடுப்பீங்க?"

"எது, கறுப்பா?"

"எல்லாமே கறுப்புதான் அங்கிள்."

"அப்ப கறுப்பத்தான் குடுப்பேன்." எதிரே நின்ற ஆளைப் பார்த்துக் கண்ணடித்தார். "புரொஃபசர் என்னைய இன்டர்வியூ பண்றாங்க. பேப்பர்ல வரும்."

அந்த ஆள் தண்ணீர்த் தொட்டி போடுகிறவர். அவருக்கும் அதே வளையம்தான் வேண்டியிருந்தது. இருப்பில் இல்லை. அங்கிள் பக்கத்துத் தட்டிலிருந்து வேறொன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். "போலே பாக்காய் லா. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா அங்கிள்? எழுதிக்கவா?"

"எழுதிக்க. எத்தன தடவ குடுத்திருக்கேன், ஒரு ஆளு திரும்பி வந்ததில்ல."

நான் எழுதிக்கொண்டேன். அப்படியே பல நாள் உட்கார்ந்து கேட்டேன். அவர் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ரசீது கிழித்துக்கொண்டு, ஒரு கையால் தேநீர் ஆற்றிக்கொண்டு பதில் சொன்னார். இதற்கு அது, அதற்கு இது. கணினியில் ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம். யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை அவர் ஒருமுறையும் சொல்லவில்லை. அந்தக் கவுன்டரில் யாருமே அதைச் சொல்வதில்லை. ஆள் எதிரில் நிற்கிறாரே, அவர் எதற்கு வாங்குகிறார் என்று எல்லோருக்கும் தெரியுமே. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தெரிந்திருந்தது.

இவற்றை வைத்து நான் செய்த மாற்றுப் பொருள் திரை முதலாளிக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "பச்ச, செகப்பு. ரெண்டு கலர் போதும். போடலாம், போடக்கூடாது. கஸ்டமருக்குக் கதை சொல்லாத." நல்ல வாடிக்கையாளர்கள் சிலருக்கு மட்டும் அதைத் திறந்துவிட்டோம். சீனப் பெருநாளுக்குச் சிவப்பு விளக்குகள் கடைகளில் தொங்க ஆரம்பித்திருந்தன.

ஒருநாள் காலை நான் மேலே வந்தபோது முதல் நாள் மாலை ஆர்டர் ஒன்று திரையில் நின்றது. பண்டார் தெங்காரா பக்கத்தில் ஒரு செம்பனை ஆலை. எண்ணெய் பம்புக்கு வளையம். கேட்ட வளையம் இருப்பில் இல்லை. கணினி மாற்று ஒன்றைப் பச்சையில் காட்டியிருக்கிறது. ஆலையின் பொறியாளர் அதை ஏற்றுக்கொண்டு அழுத்திவிட்டார். யாரும் யாருக்கும் தொலைபேசவில்லை. கிடங்கிலிருந்து வேன் விடியலிலேயே போய்விட்டது. நான் எதிர்பார்த்தது இதைத்தான். ஒரு மனிதரும் வாய் திறக்காமல் ஒரு வியாபாரம். எழுந்து சன்னல்வரை நடந்தேன். திரும்பி நடந்தேன்.

கணினி எப்படி இந்த முடிவுக்கு வந்தது என்று காட்டுகிற பக்கம் ஒன்று உண்டு. பெருமையோடுதான் அதைத் திறந்தேன், முதலாளிக்குக் காட்டலாம் என்று. அந்த பம்புக்கு இந்த வளையம் பாகம். இந்த வளையமும் அந்த வளையமும் ஒன்று. ஆகவே அந்த பம்புக்கு அந்த வளையம் பொருந்தும். 'ஒன்று' என்பது எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். என் கையால் எழுதியது. அதை எழுதியபோது எதிரே நின்ற ஆள் நினைவுக்கு வந்தார்.

கீழே ஓடினேன்.

"அங்கிள், தண்ணி டேங்க் ஆளுக்குக் குடுத்தீங்களே, அத எண்ணெய்க்குப் போடலாமா?"

"எந்த எண்ணெய்?"

"செம்பனை எண்ணெய். மில்லுல."

அவர் வளையத்தை எடுத்து அழுத்திப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாதும்மா. நான் மில்லுக்கு இத குடுத்ததே இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னீங்க."

"தண்ணிக்கு ஒண்ணுதான்!"

மேலே ஓடி, தயாரித்தவர்களின் விவரத் தாளைத் தேடித் திறந்தேன். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. ரப்பர் வகை மட்டும் வேறு; அது என் பட்டியலிலும் இருந்தது, எந்த ரப்பர் எதைத் தாங்கும் என்பதுதான் இல்லை. ஒன்று எண்ணெயைத் தாங்கும். மற்றது வெந்நீரையும் நீராவியையும் தாங்கும்; எண்ணெய் பட்டால் ஊதும். ஊதி, இடம் கொள்ளாமல் பிதுங்கி, கிழியும். கிழிந்தால் கொதிக்கிற எண்ணெய் வெளியே பீச்சும். தாள் எங்களிடமே இருந்தது. அதை என் வாக்கியங்களோடு கோக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று என்று சொல்லிவிட்ட பிறகு மேற்கொண்டு எதற்குத் தேட வேண்டும்?

ஆலைக்கு அழைத்தேன். பொறியாளரின் கைத்தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் எடுத்தவர், இன்று பராமரிப்பு நாள், எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள், உள்ளே தொலைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள் என்றார். செய்தி சொல்கிறேன் என்றார். வேன்காரரை அழைத்தேன். பொருளைக் கொடுத்துவிட்டுக் கூலாயில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி அறைக்குள் போய்ச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"செனாய்ல நம்ம போட்டிக்காரன் கடையில அசல் இருக்கும். வாங்கிட்டு நேரா போ. அங்கிள் ஓட்டட்டும்." நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார். "ஏய், சிஸ்டம் தப்பு பண்ணிச்சுன்னு சொல்லிடாத. அசல் ஸ்டாக் இப்பத்தான் வந்துச்சு, அதான் மாத்தித் தரோம்னு சொல்லு. பேரு கெட்டா பெருநாளுக்கு அப்புறம் நீயும் இல்ல, அதுவும் இல்ல. புரியுதா?"

"புரியுது பாஸ்."

பழைய வேனில் கிளம்பினோம். செனாயில் அசல் வளையத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் அங்கிள் எப்போதும்போல இடது ஓரமாகவே போனார்.

"கொஞ்சம் வேகமா அங்கிள்."

"நீ மொதல்ல கால ஆட்டறத நிறுத்து. வேன் ஆடுது."

"வேனே பழசு."

"பழசுதான். ஆனா என்னைக்காச்சும் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லியிருக்கா?"

"சொன்னது நீங்க."

"நான் சொன்னேன். ஒரு ஆளுக்குச் சொன்னேன். நீ அத ஜொகூர் பூரா சொல்லிட்ட." சொல்லிவிட்டு அவரே பயந்துபோய் என்னைப் பார்த்தார். "அழாத மா."

"அழல. யோசிக்கிறேன்."

"ஓ. ரெண்டுக்கும் மூஞ்சி ஒரே மாதிரிதான் போகுது உனக்கு."

கூலாயைத் தாண்டியதும் இருபுறமும் செம்பனை. அப்பா வேலை செய்த தோட்டமும் இந்தப் பாதையில்தான் வரும்; நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் மூளை அவசர அவசரமாக மூன்று துண்டு வாக்கியங்களைச் செய்துகொண்டிருந்தது. வளையம் பம்பில் இருக்கிறது. பம்பில் எண்ணெய் இருக்கிறது. பம்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறார். ஆகவே. ஆகவே என்பதோடு நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"அந்த மில் மேடத்தப் பாத்திருக்கியா?" என்றார் அங்கிள். "சிலோன்காரங்க குடும்பம். தாத்தா காலத்துலேருந்து எல்லாரும் படிச்சவங்க, கவர்மெண்ட் வேல. பாத்துப் பேசு."

"நானும் படிச்சவதான்."

"அதத்தான் சொல்றேன். பாத்துப் பேசு."

ஆலையில் காவலர் தொப்பியும் காலணியும் தந்து பெயர் எழுத வைத்தார். அதுவரை நான் நின்ற இடத்தில் நின்றபடியே துடித்துக்கொண்டிருந்தேன். பராமரிப்பு நாள் என்பதால் சத்தம் குறைவு. வெந்த பழத்தின் புளித்த வாடை மட்டும் அப்படியே இருந்தது. பொறியாளர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். முழங்கைவரை எண்ணெய். என் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. பின்னால் இருவர் பம்பின் மூடியில் கடைசிப் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யெஸ்? யாரு?"

கடையின் பெயரைச் சொன்னேன். முதலாளி சொல்லிக்கொடுத்ததும் தயாராக வந்தது. "மேடம், அசல் ரிங் இப்பத்தான் ஸ்டாக் வந்துச்சு. அதான் மாத்திக் குடுக்கலாம்னு கொண்டு வந்தோம்."

அவர் சிரித்தார். "மாசாய்லேருந்தா? இதுக்காகவா? அய்யோ, ரொம்ப தேங்க்ஸ் லா. ஆனா வேணாம். இப்பத்தான் க்ளோஸ் பண்ணோம். மறுபடி திறந்தா சாயங்காலம் ஆயிடும், மதியம் நான் ஸ்டார்ட் பண்ணியாகணும். இத ஸ்பேரா வச்சிட்டுப் போங்க."

கை நீட்டினார். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அங்கிள் பின்னாலிருந்து இருமினார். அந்தப் பொய் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொய்க்காக யாரும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டார்கள். உண்மைக்காக மட்டுமே கழற்றுவார்கள்.

"இல்ல மேடம். எங்க சிஸ்டம் தப்பா காட்டிடுச்சு. உள்ள போட்டிருக்கறது தண்ணிக்கான ரப்பர். எண்ணெய்ல ஊதும். திறக்கணும்."

அவர் முகம் மாறியது. திரும்பி மலாயில் ஒரு வார்த்தை கத்தினார். முறுக்கிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது.

"பச்சையில காட்டிச்சே."

"ஆமா மேடம்."

"யாரு செஞ்ச சிஸ்டம்?"

"நான்."

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். இப்படிக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "போன மாசம் உங்ககிட்டயே வேற சாமானும் வாங்கினேன். அதுல சிலது மாத்துதானே? அதெல்லாம் சரியா?" என்றார்.

"எதெல்லாம் மாத்துன்னு சொல்ல முடியும்."

"அத கேக்கல. சரியா?"

வாயில் 'சரிதான்' என்று வந்தது. விழுங்கினேன். "தெரியல மேடம்."

"அப்ப ஏன் உங்க ஸ்கிரீன் தெரியலன்னு சொல்லல? தெரியலன்னு போட்டிருந்தா நானே ஒரு கால் பண்ணிருப்பேன். எனக்குத் தேவ அவ்வளவுதான். பச்சன்னு போட்டதாலதான் நான் கேக்கவே இல்ல."

இதை நான் பல்கலைக்கழகத்தில் தேர்வில் எழுதியிருக்கிறேன். இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படையே இதுதான்: சொல்லப்படாத ஒன்றைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மெய் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அது தெரியாதது. அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண். கடைக்கு வந்ததும் பச்சை, சிவப்பு, இரண்டு நிறம் போதும் என்றார்கள். போதும் என்று நானும் செய்துகொடுத்தேன்.

பம்பைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது இன்னும் எண்ணெய் படாத, புத்தம் புதிய, அழகான வளையம். எங்கள் வளையம். பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அசலைப் போட்டார்கள். அன்று ஆலை தாமதமாகத்தான் தொடங்கியது. பொறியாளர் போகும்போது, "உங்க பாஸுக்கு நான் மெயில் எழுதுவேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். காவலர் தந்த தொப்பியைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்து வாசல்வரை வந்துவிட்டேன்.

மாசாய்க்குத் திரும்பும்போது நான் காலை ஆட்டவில்லை என்று அங்கிளுக்குத்தான் பயமாக இருந்தது. வழியில் இரண்டு முறை நிறுத்தி ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.

முதலாளி அந்த மெயிலை ஏற்கெனவே படித்திருந்தார்.

"நான் என்ன சொல்லி அனுப்பினேன்?"

"நீங்க சொன்னத சொன்னேன் பாஸ். அவங்க பம்ப திறக்க மாட்டேன்னுட்டாங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி. முடிஞ்சது முடிஞ்சது. மாத்து ஸ்கிரீன மூடு. பத்து பகாட் ஆளுங்க வந்த மாதிரி அந்தத் தேடற விஷயம் மட்டும் போதும். அது நல்லா ஓடுது."

"அது ஓடும் பாஸ். அளவு எங்க போனாலும் அளவுதான். நாற்பது மில்லிமீட்டர் இங்கயும் நாற்பது, பத்து பகாட்டுலயும் நாற்பது. அதனாலதான் அது வேலை செய்யுது. மாத்து அப்படி இல்ல. எங்க போடறாங்க, உள்ள என்ன ஓடுது, எவ்வளவு சூடு, இதெல்லாம் சேர்ந்தாத்தான் மாத்து. அத நாம எழுதவே இல்ல."

"அதான் மூடுன்னு சொல்றேன்."

"மூட வேணாம். 'ஒண்ணு'ன்னு இருக்கறத எல்லாம் எடுத்துர்றேன். 'இந்த இடத்துல இதுக்குப் பதில் இத போட்டிருக்கோம்'னு மட்டும் வைக்கறேன். இடம் தெரியலன்னா, தெரியாதுன்னு வரட்டும். மூணாவது கலர்."

"தெரியாதா?" எழுந்தே விட்டார். "கடை வாசல்ல தெரியாதுன்னு போர்டு போட்டா எவன் வருவான்? நீ கன்ஃபர்ம் ஆகணுமா வேணாமா?"

"ஆகணும் பாஸ். ஆனா பச்ச செகப்பு ரெண்டு மட்டும் வச்சிட்டு ஆக வேணாம்."

"ரொம்ப திமிரு உனக்கு."

"ஆமா பாஸ்."

அவர் போ என்று கையை ஆட்டினார். போய் வேலையைப் பார் என்றா, வீட்டுக்குப் போ என்றா என்பது தெரியவில்லை. நான் மேலே போய் வேலையைப் பார்த்தேன்.

பல நாள் ஆயிற்று. அங்கிள் சொல்லி நான் எழுதிய 'ஒன்று' ஒவ்வொன்றையும் கழற்றினேன். யாருக்குக் கொடுத்தோம், எங்கே போட்டார்கள் என்று அவரை மறுபடியும் கேட்டேன். சிலவற்றுக்குச் சட்டென்று சொன்னார். பலவற்றுக்குத் தலையைச் சொறிந்தார். "அந்த ஆளு மொகம் ஞாபகம் இருக்கு, எதுக்கு வாங்கினான்னு ஞாபகம் இல்ல." அதுவும் 'தெரியாது' கணக்கில் சேர்ந்தது. தயாரித்தவர்களின் விவரத் தாள்களைக் கோத்ததில் சில பச்சை திரும்பி வந்தன, சில சிவப்பாயின. மற்றதெல்லாம் அந்த மூன்றாவது நிறம், சாம்பல். நான் செய்து முடித்திருந்த பெரிய மரத்தில் பாதி இலை உதிர்ந்துவிட்டதுபோல இருந்தது திரை. அம்மா தினமும் மாலையில், "கன்ஃபர்ம் லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டார். கேண்டீனில் கேட்கிறார்களாம். "பெருநாள் கழிச்சு மா," என்றேன்.

பெருநாளுக்கு முந்தைய வேலைநாள். வெளியே மத்தளம் அடித்துக்கொண்டு சிங்க நடனக்காரர்கள் பக்கத்துக் கடைக்கு வந்திருந்தார்கள். அங்கிள் வேடிக்கை பார்க்கத் தெருவுக்குப் போய்விட்டார். கவுன்டரில் தொலைபேசி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. கடைசியில் முதலாளியே எடுத்தார். நான் மாடிப்படியின் மேல்படியில் நின்று கேட்டேன்.

"யெஸ்... ஆமா... எங்க சைட்லயா? ...என்ன கலர்? ...சாம்பலா?" தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினார். "ஏய்! ஸ்கிரீன்ல தெரியாதுன்னு வருதாம்! ஒரு ஃபாக்டரி ஆளு! அசல் இல்லையாம், மாத்து போடலாமான்னு கேக்குறான்! நான் என்ன சொல்ல?"

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். சாம்பல்தான். எனக்கும் தெரியாது. மறுபடி படிக்கு ஓடிவந்தேன்.

"உள்ள என்ன ஓடுதுன்னு கேளுங்க பாஸ்!"

மத்தளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். நான் பாதிப் படி இறங்கினேன்.

"அந்த பைப்புல என்ன ஓடுது, எவ்வளவு சூடு! கேளுங்க!"

அவர் என்னை முறைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, தொலைபேசியில், வாடிக்கையாளர்களிடம் மட்டும் அவருக்கு வருகிற அந்தப் பணிவான குரலில் கேட்டார். "சார், ஒரு நிமிஷம். அந்த பைப்புல என்ன ஓடுது சார்?" மறுமுனை பேசியது. நீளமாகப் பேசியது. அவர் தலையாட்டிக்கொண்டே காலியான தேநீர் டம்ளரை ஒதுக்கி ஒரு பேனாவைத் தேடினார். கிடைக்கவில்லை.

"நீராவியாம்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "இன்னும் சொல்றான். வா கீழ, வந்து நீயே எழுது!"

நான் கணினியைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கினேன்.